எழுத்தாளர் வீட்டில் பாத்திரம் கழுவுவது யார்?

மலேசியத் தமிழில் கதை எழுதி, அந்த வருமானத்தில் மட்டும் குடும்பம் நடத்த முடியாது. இதை மாணவர்களிடம் மறைப்பதில் பொருளில்லை. ஞாயிறு பதிப்பில் கதை வந்தால் பெயர் வரும். நாவலை நூலாக்க நினைத்தால் பெரும்பாலும் எழுதியவரே அச்சுக்கூலியைக் கொடுத்துவிட்டு, வெளியீட்டு விழாவுக்கு வருகிறவர்களை நம்பியிருக்க வேண்டும். இந்நாட்டில் எழுதியவர்களைப் பாருங்கள்: தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், தோட்டக் கிராணிகள், பத்திரிகையாளர்கள், வானொலிக்காரர்கள். ஆகவே, "முதலில் ஒரு வேலையைத் தேடிக்கொள், எழுதுவதைப் பிறகு பார்க்கலாம்" என்று அப்பா சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். முதல் பாதி சரிதான். சிக்கலெல்லாம் அந்தப் 'பிறகு'வில் இருக்கிறது.

அந்தப் 'பிறகு' எப்படிப்பட்டது என்று காட்டப் பினாங்கிலேயே ஒருவர் வாழ்ந்திருக்கிறார். ரெ.கா. என்று வாசகர்கள் அழைத்த ரெ. கார்த்திகேசு 1940இல் கெடாவின் பீடோங்கில் பிறந்தவர். மலேசிய வானொலி, தொலைக்காட்சியில் பணியாற்றிவிட்டு, பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்புத் துறைப் பேராசிரியராக இருந்தார். மலேசியத் தொலைக்காட்சி வளர்ந்த வரலாற்றை மலாய் மொழியில் நூலாக எழுதியவரும் அவரே. 2016இல் மறைந்தார். இத்தனைக்கும் நடுவில் தமிழில் நாவல்களும் சிறுகதைகளும் எழுதினார்.

அவருடைய நூல்களின் பெயர்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதைவிட, ஆண்டுகளைக் கவனிப்பது பயன் தரும். முதல் சிறுகதைத் தொகுப்பு 'புதிய தொடக்கங்கள்' 1974இல் வந்தது. அடுத்த தொகுப்பு 'மனசுக்குள்' வந்தது 1995இல். முதல் நாவல் 'வானத்து வேலிகள்' 1981. இரண்டாவது நாவல் 'தேடியிருக்கும் தருணங்கள்' 1993. இரண்டு நாவல்களுக்கு நடுவில் 12 ஆண்டுகள், இரண்டு தொகுப்புகளுக்கு நடுவில் 21 ஆண்டுகள். நூல் வராத காலமெல்லாம் எழுதாத காலம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால் விரிவுரை, விடைத்தாள், மாணவர் ஆய்வேடுகள், சொந்த முனைவர் பட்ட ஆய்வு, வீடு என்று ஒரு மனிதரின் நாள்கள் எங்கே போயிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பிறகு 'அந்திம காலம்' 1998இலும், 'காதலினால் அல்ல' 1999இலும் அடுத்தடுத்து வந்தன. அப்போது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

இருபது வயதில் முதல் நாவலை முடிக்கவில்லையே என்று ஏங்கும் மாணவர் இந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிக்கொள்ளலாம்.

வேலை அவரிடமிருந்து நேரத்தை எடுத்துக்கொண்டது. பதிலுக்குக் கதைக்கான சரக்கையும் கொடுத்தது. 'காதலினால் அல்ல' பினாங்குப் பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் கதை. புதிய மாணவர்கள்மீது நிகழும் பகடிவதை அதில் முக்கியமான இழை. அந்த வளாகத்தில் ஆண்டுக்கணக்கில் மாணவர்களோடு பழகாத ஒருவர் அதை எழுதியிருக்க முடியும் என்று தோன்றவில்லை. சென்னையில் அசோகமித்திரனுக்கும் அப்படித்தான். 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். திரைப்பட உலகின் திரைமறைவு மனிதர்களைப் பற்றிய 'கரைந்த நிழல்கள்' அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. அவர் பிறகு வேலையை விட்டுவிட்டு எழுத்தையே நம்பி வாழ்ந்தார். இன்று அதை வீரச் செயலாகப் பேசுவது எளிது. சம்பளம் நின்றுபோன வீட்டில் அரிசி வாங்க வேண்டியிருந்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கும்.

இதுவரை வேலையைப் பற்றிப் பேசினோம். உண்மையில் எழுத்தாளரின் நேரம் பெரும்பாலும் வேலையிலிருந்து வருவதில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து பினாங்குப் பாலத்தின் நெரிசலைத் தாண்டிப் பட்டர்வொர்த்தில் வீடு சேர்கிறவருக்கு, முதலாளி கதை எழுத ஒரு மணி நேரம் தரப் போவதில்லை. அந்த ஒரு மணி நேரம் வீட்டுக் கணக்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு எழுதும்போது சமைப்பவர் ஒருவர், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர், விருந்தாளியிடம் "அவர் வேலையா இருக்கார்" என்று சொல்லிச் சமாளிப்பவர் ஒருவர். இந்த மூன்று 'ஒருவரும்' அநேகமாக ஒரே ஆள்தான்.

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதியவர்களுக்கு உதாரணமாக ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப்பை உலகமெங்கும் சொல்வார்கள். 1834 முதல் 1867 வரை அஞ்சல் துறையில் இருந்தார். 47 நாவல்கள் எழுதினார். காலை ஐந்தரை மணிக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார், வேலைக்குப் போகும் முன்பே அன்றைய எழுத்தை முடித்துவிடுவார். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வார்கள். டிராலப் தம் சுயசரிதையில் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். அவரை எழுப்பிக் கோப்பி கொண்டுவந்து கொடுக்க ஒரு வேலைக்காரர் இருந்தார். அதற்காகவே ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகப் பெற்றார். ஐந்தரைக்கு எழுதுகிறவருக்கு முன்பே எழுந்தவர் அவர்.

அதே குடும்பத்தில் இன்னொரு எழுத்தாளர் இருந்தார், டிராலப்பின் தாயார் பிரான்சிஸ். ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் முதல் நூலை வெளியிட்டார். கணவரும் மகனும் நோயில் கிடந்தபோது பகலெல்லாம் அவர்களைக் கவனித்துக்கொண்டு, எழுதிக் கிடைத்த பணத்தில் குடும்பத்தையும் நடத்தினார். வீடு விழிப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். அவருக்கு யாரும் கோப்பி கொண்டுவந்ததாகத் தெரியவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். கவிஞரும் நாவலாசிரியருமான சல்மா திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சிக்காரர். பருவமெய்தியதும் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டது. திருமணத்துக்குப் பிறகு எழுத்துக்குத் தடை. இரவில் குளியலறைக்குள் போய் எழுதினார், தாள்களை ஒளித்துவைத்தார். கவிதைகள் அவருடைய தாயார் வழியாக வெளியே போயின. சல்மா என்ற புனைபெயரே மறைந்துகொள்ள வைத்தது. 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் 2004இல் வந்தது. இதைப் படித்து, தடையிருந்தால்தான் நல்ல எழுத்து வரும் என்று சிலர் மேடையில் சொல்கிறார்கள். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. குளியலறையில் எழுதி வெளியே வந்தவர் ஒருவரின் பெயர் நமக்குத் தெரியும். வெளியே வராதவர்களின் பெயர்கள் தெரியாது, அவ்வளவுதான்.

இன்றைய மாணவிக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. படிக்கிறார், பட்டம் பெறுகிறார், வேலைக்கும் போகிறார். ஆனால் வேலை முடிந்து வந்ததும் அடுப்படி அவருக்காகவே காத்திருக்கிறது. அதே வீட்டில் தம்பி 'அசைன்மெண்ட்' என்று சொன்னால் அறைக்கதவு மூடப்படும். அக்கா கதை எழுதுகிறேன் என்றால் "அப்புறம் எழுதலாம், இந்த வெங்காயத்தை அரிஞ்சு கொடு" என்று குரல் வரும். அப்பா சொன்ன 'பிறகு' ஆணுக்குச் சில ஆண்டுகள் கழித்தாவது வருகிறது. பெண்ணுக்குப் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, மாமியாரின் மருத்துவமனைத் தவணைகளுக்குப் பிறகு என்று தள்ளிக்கொண்டே போகிறது.

ஆகவே எழுத விரும்பும் இளைஞர்களிடம், குறிப்பாக மாணவர்களான தம்பிகளிடம், நேர அட்டவணை போடும் முன்பு ஒரு கேள்வி: நீங்கள் எழுதும் நேரத்தில் உங்கள் பங்கு வேலையை யார் செய்கிறார்கள்? அவருக்கு எழுத, படிக்க, சும்மா உட்கார ஒரு மணி நேரம் உண்டா? நாற்பது வயதில் மனைவியிடம் இதைப் பேசத் தொடங்குவது கடினம். பதினேழு வயதில் அம்மாவிடம் தொடங்குவது சுலபம். தட்டைக் கழுவி வைப்பதற்குப் பெரிய இலக்கியக் கொள்கை எதுவும் வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலேயே பள்ளி நாளில் கதை எழுதிப் பரிசு வாங்கிய அக்காவோ சித்தியோ இருக்கலாம். அந்தப் பழைய கதையை எடுத்துத் தரச் சொல்லிப் படித்துப் பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்திவரும் சிறுகதைப் போட்டியில் மாணவர் பிரிவும் உண்டு, பொதுப் பிரிவும் உண்டு. நீங்கள் மாணவர் பிரிவுக்கு எழுதும்போது பொதுப் பிரிவுக்கு அவரும் ஒன்று எழுதட்டும். அவர் எழுதி முடிக்கும்வரை இரவுச் சமையல் உங்களுடையது.