அக்கரைக்கு நான்கு மணி நேரம்



கார்த்திகை தீபம் பதினோரு நாள் எரிந்து முடிந்து, மலையுச்சியிலிருந்து கொப்பரை இறங்கிவிட்டால் எங்கள் திருவண்ணாமலைக்குக் குளிர்காலம் வந்துவிடும். விடியற்காலையில் கிரிவலம் போகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். டீக்கடைப் பாய்லருக்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைக்காது. “தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்று அம்மா போர்வையை எடுத்து நீட்டுவார். அந்தப் பனியில் வளர்ந்த என் தம்பி இப்போது ஜப்பானில், செண்டாய் நகரத்தில் வேலை பார்க்கிறான்.

2025 தை மாதத்தில் ஒருநாள் இரவு கூப்பிட்டான். மனைவி, இரண்டு குழந்தைகளோடு காரிலேயே வடக்கே போய் வந்திருக்கிறான். அவோமோரி உலகத்திலேயே அதிகம் பனி பொழியும் நகரங்களில் ஒன்று. சாலையின் இருபுறமும் ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர், வழுக்காமலிருக்கத் தனி டயர், மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போக முடியாத பயணம். அவோமோரித் துறைமுகத்தில் காரை அப்படியே கப்பலின் வயிற்றுக்குள் ஓட்டிவிட்டு, மேல்தளத்துக் கூடத்தில் குழந்தைகளைப் படுக்கவைத்து, எதிர்க்கரையில் ஹக்கோடாத்தேவில் இறங்கியிருக்கிறார்கள். “113 கிலோமீட்டர் கடல்ணா. மூணே முக்கால் மணி நேரத்துல கொண்டுபோய் விட்டுட்டான்” என்றான்.

அந்த எண்ணை நான் ஒரு தாளில் குறித்து வைத்தேன். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் கடல்வழி ஏறக்குறைய 110 கிலோமீட்டர்தான். கப்பலில் நான்கு மணி நேரம். அதே தூரம், அதே நேரம். என் தம்பி பிழைக்கப் போன நாட்டில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடலைக் கடந்துவிட்டான். பிறந்த மண்ணில் இருக்கும் நான் ஒருமுறையும் நம் கடலைக் கடந்ததில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இலங்கை மலையகத்தில், அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களை ‘இவர்கள் இந்தியாவுக்கு, இவர்கள் இலங்கைக்கு’ என்று பங்கு பிரித்தது. அம்மாவின் குடும்பம் இந்தியாவின் பங்கில் விழுந்தது. மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றி வந்த ரயிலுக்கு மலையகத்து மக்கள் வைத்த பேர் ‘ஒப்பாரிக் கோச்சி’. வழியனுப்ப வந்தவர்களும் அழ, ஏறியவர்களும் அழ, அந்தக் கோச்சியில் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக அம்மா வந்தார். தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பல். இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, பிறகு செங்கம் பக்கத்தில் தாத்தாவின் பூர்வீக ஊர். அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கடல் பக்கமே போகவில்லை.

அந்தக் கடல் எத்தனை முறை திறந்து எத்தனை முறை மூடியது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று போட் மெயில் ஓடியது. ஒரே பயணச்சீட்டில் இரண்டு நாடுகள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியையும், அங்கே வந்துகொண்டிருந்த பாம்பன் பாசஞ்சரையும் விழுங்கியது. கப்பல் இராமேசுவரத்துக்கு இடம் மாறி, போர் மூண்டதால் 1984இல் நின்றுபோனது. 2011இல் தூத்துக்குடி – கொழும்புக் கப்பல் ஜூனில் தொடங்கி நவம்பரிலேயே நின்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து ‘செரியபாணி’ புறப்பட்டது. வடகிழக்குப் பருவமழை நெருங்கியதால் ஒரே வாரத்தில் அதுவும் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ ஓடியது. அந்த ஆண்டு மழைக்காலத்திலும் ஓய்ந்து, 2025 பிப்ரவரி 22 அன்று மீண்டும் கிளம்பியது.

அந்தச் செய்தியைப் படித்த அன்றே அம்மாவிடம் கேட்டேன். தம்பியைப் பார்க்க ஜப்பான் போகலாம் என்று 2024இல் எடுத்து வைத்த பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பேரப் புள்ளைங்களும் வருதுங்களா?” என்று மட்டும் கேட்டார்.

மாசிப் பனி விலகாத ஒரு விடியலில் காரை எடுத்தோம். திருக்கோவிலூர்ச் சாலையில் பின்கண்ணாடியில் மலை நெடுநேரம் கூடவே வந்தது. பெண்ணையாற்றங்கரையில் அறகண்டநல்லூர் கோயில் பாறைமேல் நின்று, ஞானசம்பந்தர் இங்கிருந்துதான் அண்ணாமலையைக் கண்டு பாடினார் என்பார்கள் என்று மகளுக்குச் சொன்னேன். பண்ருட்டி தாண்டி வடலூர். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் சோறு போடும் தருமச்சாலையில் காலைச் சாப்பாடு. சிதம்பரத்தில் ஆகாயத் தலத்தின் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் 1864இல் இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார் என்ற கதையைச் சொன்னேன். “அவரு எப்படி வந்தாரு?” என்றான் மகன். “கடலைத் தாண்டித்தான்” என்றேன்.

சீர்காழி வந்தது. அண்ணாமலையைத் தொலைவிலிருந்து பாடிய அதே சம்பந்தர் பிறந்த ஊர். ஈழத்துத் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் அவர் இராமேசுவரக் கரையில் நின்றே பாடினார் என்பது பெரியபுராணம் சொல்லும் செய்தி. தரங்கம்பாடி, காரைக்கால் கடந்து நாகைக்குள் நுழையும்போது மாலை. ராஜராஜன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசன் புத்த விகாரம் எழுப்பிய துறைமுகம் இது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோன கரையும் இதுதான். விடுதி மாடியிலிருந்து அம்மா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘சிவகங்கை’ ஏறக்குறைய 150 பேர் உட்காரக்கூடிய பயணிகள் கப்பல். காரை ஏற்ற முடியாது. அதை நாகையிலேயே விட்டுவிட்டு, குடிநுழைவுச் சோதனை முடித்து ஏறினோம். கரை மறைந்ததும் மகன் தூங்கிவிட்டான். அம்மா சன்னலோரம் உட்கார்ந்து, “அப்ப வரும்போது எங்கம்மா மடியில மூஞ்ச வச்சிக்கிட்டு அழுதுகிட்டே வந்தேன். கடல நான் பாக்கவே இல்லப்பா. இப்பதான் பாக்குறேன்” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. என் மகள் போய்ப் பாட்டியின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள்.

நண்பகலில் காங்கேசன்துறைக் கலங்கரை விளக்கம் தெரிந்தது. துறைமுகத்துக்கு வெளியே, நாங்கள் பேசி வைத்திருந்த வேன்காரர் வயதானவர். அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு, “வாங்கோ அம்மா, எவடத்திலயிருந்து வாறியள்?” என்றார். “திருவண்ணாமலைங்க” என்றார் அம்மா. வேன்காரரின் முகம் மலர்ந்தது. “தீபமெல்லோ! வருசா வருசம் டிவியில பாக்கிறனாங்கள். நேர வந்து பாக்கத்தான் குடுத்துவைக்கேல்லை.” அம்மா உடனே, “கப்பல்தான் ஓடுதே, வாங்க. எங்க வீட்லதான் தங்கணும்” என்றார்.

நான்கு நாள் இருந்தோம். கீரிமலையில் கடலுக்கு ஓரடி தள்ளி நன்னீர் ஊறும் கேணியில் பிள்ளைகள் ஏற மறுத்துக் குளித்தார்கள். நல்லூரில் அம்மா அர்ச்சனை செய்தார். குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கண்டோம். 1981இல் எரிக்கப்பட்டு, மறுபடி எழுந்து நிற்கும் யாழ்ப்பாண நூலகத்தில் என் மகள் ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் படித்தாள். சங்க நூலான கலித்தொகையை 1887இல் அச்சேற்றித் தந்த சி.வை. தாமோதரம்பிள்ளை இந்த மண்ணின் சிறுப்பிட்டியில் பிறந்தவர் என்று அவளிடம் சொன்னபோது எனக்கே குரல் கம்மியது.

வாசகர்களே, இந்தப் பயணத்தில் நான் மனத்தில் எடுத்து வந்த எண்ணம் ஒன்றுண்டு. நமக்குத் தனுஷ்கோடிப் புயல் வந்ததற்குப் பத்தாண்டு முன்பு, 1954 செப்டம்பர் 26 அன்று, என் தம்பி கடந்த அதே நீரிணையில் ‘டோயா மாரு’ என்ற கப்பல் சூறாவளியில் கவிழ்ந்தது. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஜப்பானியர் அந்தப் பாதையைக் கைவிடவில்லை. இன்னும் உறுதியான கப்பல்களைக் கட்டினார்கள். கடலுக்கடியில் சுரங்கம் தோண்டி, 1988 மார்ச்சில் 53.85 கிலோமீட்டர் செய்க்கான் ரயில் பாதையைத் திறந்தார்கள். அதற்குப் பின்னும் காருக்காகவும் லாரிக்காகவும் கப்பல்கள் நாளொன்றுக்குப் பலமுறை, கொட்டும் பனியிலும் ஓடுகின்றன. கப்பல் இருக்கும் என்று குடும்பங்கள் நம்புகின்றன. குடும்பங்கள் வரும் என்று கப்பல் நம்புகிறது.

நம் கடலுக்கு அந்த நம்பிக்கைதான் இன்னும் வாய்க்கவில்லை. பருவமழையில் கப்பல் நிற்பது நியாயம். பயணிகளின் உயிர் பெரிது. ஆனால் மழை ஓய்ந்ததும் இந்த நாளில் தொடங்கும் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். அலைக்கு ஈடுகொடுக்கும் பெரிய கப்பல், வண்டிகளையும் ஏற்றும் கப்பல் வேண்டும். இதை இரண்டு அரசுகளிடமும் கேட்கிறேன். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஆள் ஏறாத கப்பல் எந்தக் கடலிலும் நெடுநாள் ஓடாது. கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் ஒருமுறை குடும்பத்தோடு போய் வாருங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் செலவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் போதும். பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நம் மாவட்டத்தில் அம்மாவைப்போல் தாயகம் திரும்பியவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். போருக்குத் தப்பி வந்தவர்கள் மறுவாழ்வு முகாம்களில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அந்தக் கடலைக் கடந்து வந்த ஒருவர் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு வந்தார், எந்தக் கப்பலில் வந்தார், கையில் என்ன கொண்டுவந்தார் என்று எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதங்களுக்கு இந்த இதழில் எப்போதும் இடம் உண்டு.

திரும்பி வரும் கப்பலில் அம்மா ஒன்று கேட்டார்: “இங்கேருந்து அட்டனுக்கு எத்தனை நாளாகும்?” யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரயில், அங்கிருந்து மலைநாட்டு ரயில், போய்வர ஒரு வாரம் போதும் என்றேன். அவர் தலையசைத்துக்கொண்டார். இப்போது அந்தப் பாஸ்போர்ட் எங்கள் பூஜையறையில், அண்ணாமலையார் படத்துக்குக் கீழே இருக்கிறது. 2034 வரை செல்லும்.

அன்புடன்,
ஆசிரியர்