ஓட்டுச் சீட்டா ஹிட்லரை அரியணை ஏற்றியது?

"ஹிட்லரை ஜெர்மன் மக்கள்தானே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தார்கள்?" என்று மேடைக்கு மேடை சிலர் கேட்கிறார்கள். ஏழை எளியவர் தலையில் பழியைச் சுமத்தும் இந்தப் பேச்சை நாம் மறுக்கிறோம். கணக்கைப் பார்ப்போம்.

1928 தேர்தலில் நாஜிகளுக்கு நூற்றுக்கு மூன்று ஓட்டுக்கூட இல்லை. 1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. ஜெர்மன் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. 1932-ல் சுமார் 60 லட்சம் பேர் வேலையின்றித் தெருவில் நின்றார்கள். எல்லாம் யூதனால் வந்தது என்று கைகாட்டினான் ஹிட்லர். ஆலையைப் பூட்டியவன் தப்பித்துக்கொண்டான்! அந்த ஜூலையில் நாஜிகள் பெற்றது 37 சதவிகிதம். நவம்பரில் மறுதேர்தல் வந்தபோது 20 லட்சம் ஓட்டுகள் கரைந்து 33 ஆனது. அதே தேர்தலில் சோஷல் டெமாக்ரட்டுகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து பெற்ற இடங்கள் 221, நாஜிகளுக்கு 196தான்.

மக்கள் கைவிடத் தொடங்கியவனைத் தூக்கி நிறுத்தியது யார்? 1933 ஜனவரி 4-ல் கொலோன் நகரில் ஷ்ரோடர் என்ற பேங்க் அதிபரின் வீட்டில் முன்னாள் பிரதமர் பாப்பனும் ஹிட்லரும் பேரம் பேசினார்கள். ஜனவரி 30-ல் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் ஹிட்லரைப் பிரதமராக நியமித்தார். ஆம், நியமித்தார்! பிப்ரவரி 20-ல் குருப் முதலான ஆலை அதிபர்கள் கோயரிங்கின் மாளிகையில் கூடித் தேர்தல் நிதியாகச் சுமார் 30 லட்சம் மார்க் தர ஒப்புக்கொண்டார்கள். பணமும் குண்டாந்தடியும் சிறைக்கொட்டடியும் கையிலிருந்தும் மார்ச் தேர்தலில் நாஜிகளுக்குப் பாதி ஓட்டுக் கிடைக்கவில்லை.

அப்படியானால் அந்த 221 இடக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஹிட்லரைத் தடுக்க என்று 1932-ல் ஹிண்டன்பர்க்குக்கே ஓட்டுக் கேட்டார்கள் சோஷல் டெமாக்ரட்டுகள். அவர்களையே "சமூக பாசிஸ்டுகள்" என்று ஏசினார்கள் கம்யூனிஸ்டுகள். கூரை பற்றி எரிகையில் வாளி யாருடையது என்று வழக்கு! பிறகு இருவரும் ஒரே முகாமில் அடைபட்டார்கள்.

1933 மே தினத்தைச் சம்பளத்தோடு விடுமுறையாக்கி, கொடி கட்டி, ஊர்வலம் நடத்தினான் ஹிட்லர். மறுநாள் காலை அவன் அடியாட்படை தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் புகுந்தது. தலைவர்கள் சிறைக்கு, தொழிலாளி காசு காசாகச் சேர்த்த சங்கப் பணம் நாஜிகளுக்கு.

ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் நம் குடும்பங்கள் இன்னொன்றையும் அறியவேண்டும். 1944-ல் ஜெர்மனியில் வேலை வாங்கப்பட்ட அயல்நாட்டார் 70 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள். போலந்துக்காரன் சட்டையில் 'பி' என்ற ரோமன் எழுத்து. சோவியத் மண்ணிலிருந்து வந்தவர் நெஞ்சில் கிழக்கு என்று பொருள்படும் 'ஓஸ்ட்'. பஸ்ஸில் ஏறத் தடை. குருப் ஆலைகளில் அவர்கள் அரை வயிற்றோடு பீரங்கிக்கு இரும்பு சுமந்தார்கள். யூதர்கள் 60 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்.

1943 பிப்ரவரியில் ஸ்டாலின்கிராடில் முறிந்த நாஜிப் படை 1945 மே மாதம் பெர்லினில் மண்டியிட்டது. அதற்குச் சோவியத் மக்கள் கொடுத்த உயிர்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம்.

குருப் ஆலையின் வாரிசுக்கு 1948-ல் 12 ஆண்டுச் சிறை விதித்தார்கள். 1951-லேயே வெளியே வந்தார். சொத்தும் திரும்பக் கிடைத்தது. அடிமை வேலை செய்தவர்களுக்கு நஷ்டஈடு தர ஜெர்மன் அரசும் கம்பெனிகளும் சேர்ந்து நிதி அமைத்தது 2000-ல்தான். அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் மண்ணுக்குள் போயிருந்தார்கள்.