ஏறுகிறவர் யார்?



2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், ஒரு சகோதரரின் புதுவீட்டுப் பிரதிஷ்டைக்குச் சென்றிருந்தேன். கூட்டம் மாடியில். ஏறுவதற்கு இரும்பினாலான சுழற்படி. படத்தில் கண்டு ஆசையாய்த் தெரிந்தெடுத்தது. நாங்கள் எல்லாரும் ஏறினோம். அவருடைய தாயார் மாத்திரம் கீழ்ப்படியில் அமர்ந்து பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "மேலே நல்ல காற்று வருமாம், ஐயா. எனக்குத்தான் ஏற முடியவில்லை" என்றார்கள். சகோதரர் தலைகுனிந்தார்.

படிக்கட்டைத் தெரிந்தெடுக்கும்போது எது அழகு என்று கேட்குமுன், ஏறப்போகிறவர் யார் என்று கேட்கவேண்டும். முதியோரும் குழந்தைகளும் ஏறுவார்கள். நோயுற்றவரை ஒருநாள் தூக்கி இறக்கவும் நேரிடும். சுழற்படியோ உட்பக்கம் குறுகுவதால் பாதம் முழுவதும் பதியாது.

இடையில் திரும்புமிடமுள்ள இருமடிப் படியே குடும்பத்திற்கு ஏற்றது. வீடுகளுக்கு ஒரு படியின் உயரம் 19 செ.மீ.க்கு மிகாமலும், மிதிபலகை 25 செ.மீ.க்குக் குறையாமலும் இருக்கவேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் எல்லை. முதியோருக்கு 17, 28 என்பது நலம். தரையிலிருந்து மாடித்தளம் வரை 10 அடியானால் 18 ஏற்றங்கள். 7 அடி அகலமும் 11 அடி நீளமும் உள்ள இடம் போதும். எண்ணிக்கை ஒற்றைப்படையா என்று விசாரிக்கிற நாம், எல்லாப் படிகளும் ஒரே உயரமா என்று அளந்து பார்ப்பதில்லை. ஒன்று மாறினாலும் கால் தவறும்.

இத்தீவுகளில் மேலும் இரண்டைக் கவனிக்கவேண்டும். முதலாவது, பூமியதிர்ச்சி. 2004 டிசம்பர் 26 காலையில் நேரிட்ட 9.1 அளவிலான அதிர்ச்சியை இங்குள்ளோர் மறவார்கள். இரு தளங்களைச் சாய்வாக இணைக்கும் படி, முட்டுக்கொடுத்த கட்டையைப்போல் அதிர்ச்சியின் விசையைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். தப்பி ஓடும் வழியே முதலில் உடையலாகாது. ஆகையால் படியைத் தளத்தோடு இணைக்கும் முறையைப் பொறியாளரே வகுக்கட்டும். இரண்டாவது, மழையும் உப்புக்காற்றும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை பெய்யும் இடத்தில் வெளிப்புற இரும்புப்படி விரைவில் துருப்பிடிக்கும். வழவழப்பான ஓடு வழுக்கும். சொரசொரப்பான பரப்பும், நீர் வடியச் சிறு சரிவும் தேவை. கழுவாத கடல்மணல் கலந்த காங்கிரீட்டில் உள்ளிருக்கும் கம்பியும் அரிக்கும்.

கைப்பிடியில் சிக்கனம் வேண்டாம். புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும், விழுகிறவனின் பழி வீட்டுக்காரன்மேல் வரும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் கற்பிக்கிறதல்லவா? படிக்கும் அது பொருந்தும். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமும், குழந்தையின் தலை நுழையாத கம்பி இடைவெளியும் இருக்கட்டும்.

அச்சகோதரர் அடுத்த ஆண்டு இரும்புப்படியைப் பிரித்து, காங்கிரீட் படி கட்டினார். செலவு இருமடங்கு. இப்பொழுது அந்தத் தாயார் கைப்பிடியைப் பற்றி, திரும்புமிடத்தில் சற்று இளைப்பாறி, மேலே வந்து அமருகிறார்கள். வரைபடத்தில் கையெழுத்திடுமுன், உங்கள் வீட்டில் மிகவும் மெதுவாக நடக்கிறவரை அழைத்து ஒருவிசை கேளுங்கள்.