இன்னும் ஓர் ஆண்டு



மரம் வளர்ப்பதைப் பற்றித் தோட்டப்புறத்து மக்களுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மரத்திற்குக் காட்டிய பொறுமையை மனிதருக்குக் காட்டுகிறோமா என்பதை இவ்வாரம் சற்றுச் சிந்திப்போம்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு பெருமான் ஓர் அத்திமரத்தின் கதையைச் சொல்கிறார். தோட்டத்துச் சொந்தக்காரர் மூன்று ஆண்டுகளாக வந்து கனி தேடுகிறார், ஒன்றுமில்லை. நிலத்திற்கும் கேடு, வெட்டிவிடு என்கிறார். தோட்டக்காரனோ இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறான்.

அவன் வெறுமனே கெஞ்சவில்லை என்பதைக் கவனியுங்கள். சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகச் சொல்கிறான். முதலில் கொத்துவது ஏன்? இறுகிப்போன மண்ணில் எருவைப் போட்டால் மழை அடித்துக்கொண்டு போய்விடும். மண் இளகினால்தான் வேருக்குச் சாரம் இறங்கும். மரத்தின் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் தொடங்குகிறது. ஆன்மிக வாழ்வும் அப்படித்தான். இறுகிய நெஞ்சில் எத்தனை பிரசங்கம் கொட்டினாலும் அது மேலோடு போய்விடும்.

நம் பால்மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கன்று நட்டு ஐந்தாறு ஆண்டுகள் ஒரு சொட்டுப் பால் கிடையாது. இருந்தும் களை பிடுங்கினோம், உரம் போட்டோம். மூன்று வயது மரத்தைப் பார்த்து, "உனக்குப் பாலில்லையே" என்று எந்தக் கங்காணியும் ஏசியதில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கணக்கில் பின்தங்கிவிட்டால், "இது உருப்படாது" என்று அண்டை வீட்டார் காதிலும் விழும்படி சொல்லிவிடுகிறோம்!

வெட்டுக்கத்தி பிடித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பட்டையை மெல்லச் சீவினால் பால் வரும், பட்டையும் மீண்டும் வளரும். கத்தி மரத்தில் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாகிவிடும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. கண்டிப்பு வேண்டியதுதான். ஆனால் அது எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அந்தக் கத்தியிடம் கற்றுக்கொள்ளலாம்.

நம் பேராவிலேயே ஒரு சான்று உண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து சுமார் எழுபதாயிரம் ரப்பர் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்திற்குச் சென்றன. முளைத்தவை சில ஆயிரமே. அவற்றின் வழிவந்த கன்றுகளில் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத் தோட்ட முதலாளிகளின் நாட்டமெல்லாம் காப்பியின் மேல்தான். வணிகத்திற்கென்று மலாக்காவில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டது 1896இல். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரிதாக யாரும் சீந்தாத மரம்தான் பின்னர் இலட்சக்கணக்கானோருக்குச் சோறு போட்டது!

"பயனில்லை" என்ற சொல் எப்படிச் சுடும் என்பது நமக்குத் தெரியாததா? தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பால்மரக் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோதும், மரத்தோடு சேர்ந்து எத்தனையோ குடும்பங்களும் பிடுங்கப்பட்டன. அந்தச் சொல்லால் அடிபட்ட நாமே அதை நம் வீட்டுக்குள் பேசலாமா?

ஆனால் தோட்டக்காரன் கேட்டது ஓர் ஆண்டுதான், என்றென்றைக்கும் அல்ல. மரத்திற்கும் பொறுப்பு உண்டு. குடியை நாளைக்கு விடுகிறேன், பிறகு ஜெபிக்கிறேன் என்று தள்ளிப்போடுகிறவர் இதை மறந்துவிடக் கூடாது. கிடைத்திருக்கும் தவணையும் அருள்தான்.

அந்த மரம் கனி கொடுத்ததா? இயேசு பெருமான் சொல்லவில்லை. முடிவை நம்மிடமே விட்டுவிட்டார். உங்கள் வீட்டில் கோடரி யார் பக்கம் திரும்பியிருக்கிறது? குடிக்கிற கணவரா, பள்ளிக்கு மட்டம் போடும் மகனா, பேச்சை நிறுத்திக்கொண்ட மருமகளா? இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் அவர் அருகில் சற்று நேரம் உட்காருங்கள். குறை சொல்லாமல் அவர் பேசுவதைக் கேளுங்கள். கொத்துகிற வேலை அங்கேதான் தொடங்குகிறது.