சுகாதாரத் தளம் யாருக்கு?

பொதுஜன சுகாதாரத்திற்காகச் சர்க்கார் நடத்தும் இணையதளங்கள் யாருக்காக ஏற்பட்டவை என்று கேட்டால், ஜனங்களுக்காகத்தான் என்பார்கள். ஆனால் அநேக தளங்களைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது இலாகாவின் பெருமையும், அதிகாரிகளின் பட்டியலும், உத்திரவு நம்பர்களுமேயாகும். நோயாளிக்கு வேண்டிய விஷயம் எங்கேயோ அடியில் கிடக்கிறது. ஆகவே இவற்றைத் திருத்தி அமைக்க வேண்டுமென்போர், வர்ணத்தை மாற்றுவதோடு நில்லாமல், அங்கு வந்து கேட்பவர் யார், அவர் கேட்பது என்ன என்பதிலிருந்தே துவக்க வேண்டும்.

சேத்தியாத்தோப்பையே எடுத்துக் கொள்ளுவோம். வெள்ளாற்று அணைக்கட்டுத் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. இங்கே கரும்பு வெட்டப் போன ஒருவரைப் பாம்பு கடித்து விட்டால், வீட்டார் கேட்பது மூன்றே கேள்விகள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறதா? போய்ச் சேரும் வரை என்ன செய்வது? கடிவாயைக் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, கடிபட்ட காலை அசைக்காதே, உடனே 108-ஐக் கூப்பிடு என்பதைப் பெரிய எழுத்தில், வாசித்துக் காட்டும் குரலோடு முதல் பக்கத்திலேயே வைத்தால் ஓர் உயிர் பிழைக்கக் கூடும். 2024-ல் தமிழ்நாட்டு சர்க்கார், பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டுமென்று அறிவித்தது. நல்ல காரியந்தான். ஆஸ்பத்திரி சர்க்காருக்குத் தெரிவிப்பது போலவே, சர்க்காரும் ஜனங்களுக்குத் தெரிவிக்க வேண்டாமா?

தெரிவிக்காவிட்டால் லாபம் யாருக்கு? மந்திரவாதிக்குத்தான். அவன் தெருக்கோடியிலேயே இருக்கிறான். விண்ணப்பம் கேட்பதில்லை; இங்கிலீஷ் கேட்பதில்லை. அவன் சொல்லுவது பொய்யேயானாலும் கேட்பவருக்குப் புரிகிறது. நமது வைத்திய உண்மை புரியாத பாஷையில் பூட்டிக் கிடந்தால், அதற்கும் புரோகிதர் மந்திரத்திற்கும் என்ன வித்தியாசம்?

கொரோனாக் காலத்தில் நடந்ததை மறக்கலாகாது. 18 முதல் 44 வயதுள்ளவர்களுக்கு 2021 மே 1 முதல் தடுப்பூசி என்றார்கள். அதற்குக் கோவின் தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டுமென்றும் விதித்தார்கள். தளமோ அப்போது இங்கிலீஷில் இருந்தது. கண் தெரியாதவர்களும், இண்டர்நெட் இல்லாதவர்களும் என்ன செய்வார்கள் என்று சுப்ரீம் கோர்ட்டே மே 31-ல் கேட்க நேர்ந்தது. ஜூன் மாதத்தில் இந்தி முதலிய பாஷைகளைச் சேர்த்த போதும் தமிழ் விடுபட்டது. கண்டனம் எழுந்த பிறகே தமிழ் வந்தது.

பாமர ஜனங்களுக்கு இதெல்லாம் விளங்காது என்று சிலர் சொல்லலாம். அதே பாமரர்தான் டீக்கடையில் செல்போனைக் காட்டிப் பணம் கொடுக்கிறார். விளங்கும்படி செய்ததெல்லாம் அவருக்கு விளங்கவே செய்கிறது. பிரிட்டிஷ் சர்க்காரின் சுகாதாரத் தளம், மலஜலம் கழிப்பதற்குக் கூட வைத்தியர் சொல்லை விட்டு, குழந்தைகள் வீட்டில் சொல்லும் சொல்லையே எழுதுகிறது. காரணம், ஜனங்களுக்குத் தெரிந்த சொல் அதுதான் என்பதே. நம்மவர் "சர்க்கரை", "பிரஷர்" என்று தேடும்போது, "நீரிழிவு", "உயர் இரத்த அழுத்தம்" என்று மட்டும் எழுதி வைப்பது என்ன நியாயம்?

ஆதலால் நாம் கேட்பது ஒன்றே. புதுத் தளத்தை மந்திரி திறந்து வைக்குமுன், அதைச் சேத்தியாத்தோப்புக் கரும்பு வெட்டும் தொழிலாளி கையில் கொடுங்கள். வேண்டிய ஆஸ்பத்திரியை அவரால் யார் உதவியுமின்றிக் கண்டுபிடிக்க முடிந்தால் திறப்பு விழா நடத்துங்கள். முடியாவிட்டால் குற்றம் அவருடையதல்ல. தளத்தைத் திருத்தி மறுபடியும் அவரிடமே கொண்டு வாருங்கள்.