கிராங் ஆடுகிறதா? சைக்கிளை ஓரங்கட்டாதீர்கள், கழற்றுங்கள்!

மாணவர்களே, உங்கள் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வையுங்கள். பெடலைத் தாங்கி நிற்கும் கை போன்ற பாகத்துக்குக் கிராங் என்று பெயர். அதன் நுனியைப் பிடித்துச் சட்டத்தை நோக்கித் தள்ளுங்கள், பிறகு வெளியே இழுங்கள். சிறிதும் அசையவில்லை என்றால் நல்லது. 'டக் டக்' என்று ஆடினால் கவனிக்க வேண்டும். ஒரு பக்கக் கிராங் மட்டும் ஆடினால் பெரும்பாலும் அதைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது. ஒன்றை ஆட்டும்போது மறுபக்கமும் சேர்ந்து ஆடினால், சட்டத்துக்குள் இருக்கும் பேரிங் தேய்ந்திருக்கிறது அல்லது அதன் பிடி தளர்ந்திருக்கிறது.

இப்படி ஆடத் தொடங்கிய சைக்கிள்கள் பல, மாடிப்படிக்கு அடியிலும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. "பழசாகிவிட்டது, புதுசு வாங்கலாம்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. ஆனால் பழசானது சைக்கிள் அல்ல, அதன் ஒரு பாகம் மட்டுமே. அந்தப் பாகத்தை மாற்ற இடைநிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும், மாற்ற முடிந்த சைக்கிளைத்தான் வாங்கவும் வேண்டும் என்பது என் கருத்து. பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

85 நியூட்டன் மீட்டர் எங்கே போகிறது?

இரண்டு கிராங்குகளையும் இணைக்கும் அச்சு, சட்டத்தின் அடிப்பகுதியில் உள்ள ஒரு குழாய்க்குள் சுழல்கிறது. அந்த அச்சையும் அதைத் தாங்கும் பேரிங்குகளையும் சேர்த்துப் பாட்டம் பிராக்கெட் என்பார்கள். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 3,600 சுற்று. இத்தனையும் சில இரும்புக் குண்டுகளின் மேல்தான் நடக்கிறது. சேற்று நீர் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிட்டால் குண்டுகள் அரைபடத் தொடங்கும். புக்கிட் கியாராவின் ஈரமான காட்டுப் பாதையிலோ புலாவ் உபினின் செம்மண்ணிலோ மலைச் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இந்தத் தேய்மானம் புதிதல்ல.

பள்ளியில் நெம்புகோலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கிராங்கும் ஒரு நெம்புகோல்தான். 50 கிலோ எடையுள்ள ஒருவர் பெடலின் மேல் எழுந்து நின்றால் சுமார் 500 நியூட்டன் விசை கீழ்நோக்கி அழுத்துகிறது. கிராங்கின் நீளம் 170 மில்லிமீட்டர், அதாவது 0.17 மீட்டர். கிராங் தரைக்கு இணையாக இருக்கும்போது அச்சில் ஏற்படும் முறுக்குவிசை 500 × 0.17 = 85 நியூட்டன் மீட்டர். மேடு ஏறும்போது நீங்கள் உணரும் சக்தி இதுதான்.

இந்த விசைக்குக் கிராங் வழுக்காமல் எப்படி நிற்கிறது? விலை குறைந்த மலைச் சைக்கிள்கள் பலவற்றில் அச்சின் நுனி சதுரமாக, வெளிப்பக்கம் போகப் போகச் சற்றே ஒடுங்கியிருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் சரிவும் 2 பாகைதான், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. போல்டை இறுக்கும்போது கிராங் அந்தச் சரிவில் ஏறி ஆப்பு போல் இறுகிக்கொள்கிறது. சரிவு குறைவாக இருப்பதால் சிறிய தள்ளுவிசையும் மிகப் பெரிய அழுத்தமாக மாறுகிறது. விறகு பிளக்கும் ஆப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

போல்ட் தளர்ந்த பிறகும் ஓட்டினால் என்ன ஆகும்? அச்சு எஃகு, கிராங் பெரும்பாலும் அலுமினியம். மென்மையான அலுமினியத்தின் சதுரத் துளை கொஞ்சம் கொஞ்சமாக வட்டமாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, கிராங்கையே மாற்றும் செலவில் போய் முடியும்.

மரை ஏன் தலைகீழாக இருக்கிறது?

கழற்றும் வேலை இப்படிப் போகும். முதலில் போல்டைக் கழற்ற வேண்டும். பிறகு கிராங் புல்லர் என்ற கருவியை, கிராங்கில் உள்ள மரைக்குள் கடைசிவரை திருகிவிட்டு, அதன் நடுத்தண்டைச் சுழற்ற வேண்டும். கிராங் மெல்ல வெளியே வரும். புல்லரைப் பாதி மட்டும் திருகிவிட்டு அவசரப்பட்டால், மரை பிய்ந்துகொண்டு வந்துவிடும். இரண்டு கிராங்கும் வந்த பிறகு, பாட்டம் பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் கிண்ணங்களை அதற்குரிய பல் வைத்த கருவியால் திருப்ப வேண்டும்.

இங்கேதான் பலர் தவறிப்போகிறார்கள். திருகுகளை இடஞ்சுழியாகச் சுழற்றினால் கழலும் என்பது நம் பழக்கம். இடப்பக்கக் கிண்ணம் அப்படியே கழலும். சங்கிலி இருக்கும் வலப்பக்கக் கிண்ணமோ மலைச் சைக்கிள்களில் வலஞ்சுழியாகச் சுழற்றினால்தான் கழலும். அதன் மரை தலைகீழானது. நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. கருவியின் பிடி மேல்நோக்கி நிற்கும்போது முன்சக்கரப் பக்கம் தள்ளினால் இரண்டு கிண்ணங்களும் கழலும், பின்சக்கரப் பக்கம் தள்ளினால் இறுகும்.

இந்தத் தலைகீழ் மரைக்கு ஓர் அருமையான காரணம் இருக்கிறது. ஒரு புட்டி மூடிக்குள் தளர்வாகப் பொருந்தும் காசு ஒன்றை வையுங்கள். காசின் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். காசை மூடியின் உட்சுவரோடு ஒட்டி அழுத்தியபடி, வழுக்காமல், வலஞ்சுழியாகச் சுவரைச் சுற்றி உருட்டுங்கள். புள்ளியைக் கவனியுங்கள். காசு இடஞ்சுழியாகத் திரும்பியிருக்கும்! துளைக்குள் சிறிது இடைவெளியோடு இருக்கும் எந்த உருளையும், சுற்றிவரும் விசைக்கு எதிர்த்திசையில் உருளும்.

மரை எவ்வளவு துல்லியமாக வெட்டப்பட்டாலும் அதற்குள் மயிரிழை இடைவெளி இருக்கத்தான் செய்யும். நீங்கள் மிதிக்க மிதிக்க, அந்த இடைவெளிக்குள் கிண்ணம் மிக மெதுவாக உருண்டு, கிராங் சுழலும் திசைக்கு எதிராகத் திரும்பப் பார்க்கிறது. சாதாரண மரையாக இருந்தால் வலப்பக்கம் தானாகவே கழன்றுவிடும். தலைகீழ் மரையில் அதே அசைவு கிண்ணத்தை இறுக்குகிறது. பெடலிலும் இதே தத்துவம் உண்டு, ஆனால் அங்கே தலைகீழ் மரை இடப்பக்கத்துக்கு. விமானம் செய்வதற்கு முன் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்களின் சைக்கிள்களிலும் பெடலுக்கு இந்த ஏற்பாடு இருந்தது.

இதைப் புத்தகத்தில் படித்தால் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். கையில் கருவியோடு நின்று, எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்துக் கண்டுபிடித்தவருக்கு மறக்காது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாட வேளையில் ஒரு பழைய மலைச் சைக்கிளை மேசைமேல் ஏற்றி, மாணவர்களைக் கொண்டே கிராங்கைக் கழற்றவைத்தால் நெம்புகோல், ஆப்பு, உராய்வு, துரு எல்லாம் ஒரே நாளில் புரிந்துவிடும்.

பிறப்பே பட்டறையில்தான்

மலைச் சைக்கிள் ஓட்டத்தின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1970-களில் கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள் பழைய, கனமான சைக்கிள்களைத் தேடி எடுத்து, கழற்றி, மாற்றி, மலைப்பாதையில் இறக்கினார்கள். 1976-இல் அங்கே தொடங்கிய புகழ்பெற்ற இறக்கப் பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக், இறக்கத்தில் சூடேறிச் சக்கரத்தின் கிரீஸையே எரித்துப் புகையாக்கிவிடும். அதனால் பந்தயம் முடிந்ததும் பிரித்து, மறுபடியும் கிரீஸ் நிரப்ப வேண்டியிருந்தது. அந்த வேலையே பந்தயத்தின் பெயராகிவிட்டது. அடுத்த ஆண்டே ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே ஒரு புதிய சட்டத்தைத் தன் கையால் செய்தார். கழற்றிப் பார்த்தவர்கள்தான் இந்த விளையாட்டையே உருவாக்கினார்கள்.

அளவுகள் ஏன் இத்தனை?

இப்போது எனக்குள்ள குறையைச் சொல்கிறேன். நெடுங்காலமாகப் பெரும்பாலான சைக்கிள்களில் ஒரே மரை அளவுதான் இருந்தது: விட்டம் 1.37 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 24 சுற்று. குழாயின் அகலம் 68 அல்லது 73 மில்லிமீட்டர். எந்தக் கடையிலும் மாற்றுப் பாகம் கிடைத்தது. பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவைக் கொண்டுவந்தது. அச்சின் விட்டத்தை மட்டும் பாருங்கள்: 24, 28.99, 30 மில்லிமீட்டர்! மரையே இல்லாமல் பேரிங்கை அழுத்திச் செருகும் முறையும் பரவியது. அதைக் கழற்றவும் மாட்டவும் தனிக் கருவிகள் வேண்டும்.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. தடித்த அச்சு வளையாது, உள்ளீடற்றதாகச் செய்தால் எடையும் குறையும். கார்பன் சட்டத்தில் உலோக மரை பதிக்கும் வேலையும் மிச்சம். ஆனால் செருகும் முறையில் துளையின் அளவு துளி பிசகினாலும் மிதிக்கும்போதெல்லாம் கிரீச்சென்று சத்தம் வரும். இந்தத் தொல்லைக்குப் பிறகு 2015-இல் 47 மில்லிமீட்டர் மரை ஒன்று அறிமுகமாகி, சில நிறுவனங்கள் மறுபடியும் மரைக்கே திரும்பியிருக்கின்றன. பந்தய வீரருக்குச் சில கிராம் குறைவது பெரிது. பள்ளிக்கும் பூங்காவுக்கும் ஓட்டுகிற நமக்கு, பத்து ஆண்டு கழித்தும் பாகம் கிடைப்பதுதான் பெரிது.

"கடையில் கொடுத்தால் செய்துவிடுவார்களே, பிள்ளைகள் எதற்குக் கையில் கிரீஸ் பூச வேண்டும்?" என்று பெற்றோர் கேட்கலாம். கேள்வி சரிதான். தவறான திசையில் பலம் காட்டினால் சட்டத்தின் மரை பாழாகும், சரியாக இறுக்காத கிராங் ஓட்டத்தில் கழன்று விழும். அதனால்தான் முதல் தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருந்தே செய்ய வேண்டும் என்கிறேன். சைக்கிள் கடை அண்ணனிடம், "நீங்கள் செய்யும்போது பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். கூலியைக் கொடுத்துவிட்டுக் கற்றுக்கொண்டு வருவதில் நட்டம் எதுவும் இல்லை.

நீங்களே செய்யும்போது மூன்றை மட்டும் மறவாதீர்கள். மரையைச் சுத்தம் செய்து கிரீஸ் பூசுங்கள், இல்லையென்றால் ஈரத்தில் இரண்டு உலோகங்களும் ஒட்டிக்கொள்ளும். புதிய கிண்ணத்தின் முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். கோணலாக ஏறினால் விரலுக்குத் தெரியும், நீளமான ஸ்பேனருக்குத் தெரியாது. கடைசியாக, உற்பத்தியாளர் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். சதுர அச்சின் போல்டுக்கு அது ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 200 நியூட்டன் கொடுத்தால் அந்த அளவு வந்துவிடும். அளவு காட்டும் ஸ்பேனர் கிடைத்தால் இன்னும் நல்லது.

புதிய பாகம் வாங்கப் போகும்போது பழையதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குழாயின் அகலமும் அச்சின் நீளமும் பெரும்பாலும் அதன்மேலேயே அச்சிட்டிருக்கும். அச்சின் நீளம் மாறினால் பல்சக்கரம் சட்டத்தில் உரசலாம் அல்லது சங்கிலி கோணலாக ஓடலாம்.

அடுத்த முறை கடையில் ஒரு மலைச் சைக்கிளைப் பார்த்ததும் நிறத்தையும் கியர்களின் எண்ணிக்கையையும் மட்டும் கேட்காதீர்கள். "இதன் பாட்டம் பிராக்கெட் மரை வைத்ததா, செருகியதா? என்ன அளவு? மாற்றுப் பாகம் இங்கே கிடைக்குமா?" என்று கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்கத்தான், விற்கிறவர்கள் கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள்களை வரவழைப்பார்கள்.