வீதி வாடகையும் ஜன சம்மதமும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடியிலுள்ள என்.எஸ்.பி. ரோடு, நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் திருப்பெயரைத் தாங்கியது. அவ்வீதியும் பெரிய கடைவீதியும் பொது ஜனங்களின் சொத்து. ஆயினும் பண்டிகைக் காலத்தில் அங்கே நடப்பவனுக்கு இடம் அரிது. நிற்கும் வண்டிகளுக்கே இடமுண்டு.

வையம்பட்டியிலிருந்து தீபாவளித் துணி வாங்க வரும் குடியானவன், பஸ்ஸிலோ ரயிலிலோ தன் ஆசனத்துக்குக் கட்டணம் செலுத்தியே வருகிறான். ஒரு மோட்டார் காரோ, நின்ற நிலையிலேயே ஏறத்தாழ 12 சதுர மீட்டர் நிலத்தை அடைத்துக்கொள்கிறது. விலை மிகுந்த அந்நிலத்துக்கு வாடகை கேட்டால், அநியாயம் என்று கூக்குரல் எழுகிறது. ஏழை கொடுப்பது நியாயம், வசதியுள்ளவன் கொடுப்பது அநியாயமா? இந்திய சர்க்கார் 2006-ல் வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும், வண்டி நிறுத்தும் கட்டணம் நிலத்தின் உண்மை மதிப்புக்கு ஏற்றதாயிருக்க வேண்டும் என்றே கூறுகிறது.

2017-ல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் திருச்சி சேர்க்கப்பட்ட பின்னர், மேலப்புலிவார்டு ரோட்டில் கார்களுக்கென அடுக்குமாடி நிறுத்தகம் கட்டப்பட்டது. கட்டடம் மட்டும் பரிகாரமாகாது. கடைவாசலில் சும்மா நிறுத்த இயலும்வரை, காசு கொடுத்து மாடியேற எவருக்கு மனம் வரும்? மாடியைக் காட்டிலும் வீதிக்கு அதிக வாடகை விதித்தே தீரவேண்டும்.

ஆனால் வெறும் உத்தரவினால் காரியம் நடவாது. வாடிக்கைக்காரர் வராமற்போவரோ என்ற வியாபாரிகளின் அச்சமும், வசூல் குத்தகைக்காரர் பையில் முடியுமோ என்ற ஜனங்களின் சந்தேகமும் அலட்சியம் செய்யத்தக்கவையல்ல. அமெரிக்காவிலுள்ள பாஸடீனா நகரின் பழைய கடைவீதியிலும் வியாபாரிகள் ஆட்சேபித்தனர். வசூலை அவ்வீதியின் நடைபாதைக்கும் விளக்குக்குமே செலவிடுவதாக நகரசபை உறுதி கூறியபின் இணங்கினர்; 1993-ல் கட்டண மீட்டர்கள் வந்தன. ஸ்வீடன் தலைநகரான ஸ்டாக்ஹோமில், நகருக்குள் நுழையும் வண்டிகளுக்கு 2006-ல் ஏழு மாதம் பரீட்சார்த்தமாக வரி விதித்தார்கள். முதலில் பெரும்பான்மையோர் எதிர்த்தனர். வண்டிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்ணாரக் கண்டபின், அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் அந்நகரத்தார் ஆதரவு அளித்தனர்.

நம் ஜனங்களும் நியாயம் விளங்கினால் இணங்குபவர்களே. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் தேர் வரும் நாளில் வண்டியை அகற்றச் சொன்னால் யார் வழக்காடுகிறார்கள்?

ஆகவே மாநகராட்சி, வியாபாரிகளையும் தரைக்கடைக்காரர்களையும் கலந்தாலோசித்து, என்.எஸ்.பி. ரோட்டில் ஆறு மாதம் இதைப் பரீட்சித்துப் பார்க்கட்டும். வசூலான தொகையை மாதந்தோறும் அவ்வீதியிலேயே பலகையில் எழுதி வைக்கட்டும். அத்தொகை நடைபாதைக்கும் நிழலுக்கும் கழிப்பிடத்துக்குமே செலவாகட்டும். ஆறு மாதம் கழிந்ததும் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு முடிவு செய்யட்டும். கட்டணம் என்றதுமே கொடி பிடிக்கும் அரசியல் தொண்டர்கள், அந்தக் கணக்கைக் கேட்பதற்காகக் கொடி பிடிப்பார்களாயின், அதுவே நகரத்துக்குச் செய்யும் மெய்யான ஊழியமாகும்.